ஜிம்மை விட்டுவிட்ட அக்கா மகள்: மனம் நோகாமல் எப்படிப் பேசுவது?

அம்மாபேட்டை சித்தி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். சேலம்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

அக்கா மகளுக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். ஒன்பதாம் வகுப்பில் பி.டி. பீரியடையெல்லாம் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார், அதோடு ஓட்டம் நின்றது. இப்போது வரன் பார்ப்பதற்கு முன்னால் "கொஞ்சம் இளைக்கட்டும்" என்று அக்கா ஆறு மாதப் பணத்தைக் கட்டி ஜிம்மில் சேர்த்துவிட்டாள். அங்கே முதல் நாளே பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்து, "பிஃபோர்" என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் போனாள், அப்புறம் போகவில்லை. இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். கேட்டால் பசியில்லை என்கிறாள்.

அவள் இளைக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதுதான் கவலை. "கொஞ்சம் நடந்து வரலாமா" என்றால்கூட "நீங்களும் என்னைக் குண்டு என்கிறீர்களா சித்தி" என்று முகம் வாடிவிடுகிறது. எப்படி எடுத்துச் சொல்வது?

சூரமங்கலம் நர்ஸ் (திங்கள், இரவு 10.15)

எடுத்துச் சொல்வதெல்லாம் இருக்கட்டும், முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினால் எடைதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். அது 9-ல் இருக்கும் பெண்ணை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு "உனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்றால் அவள் நம்பத்தான் செய்வாள். நம்பி, தன்மேலேயே வெறுப்பாகி வீட்டுக்கு வருவாள்.

தைராய்டும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, ரத்தப்போக்கு அதிகமா என்று அம்மா இல்லாத நேரத்தில் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

செவ்வாய்பேட்டை ராஜா (செவ்வாய், காலை 7.05)

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். "நீ எப்படி இருந்தாலும் அழகு" என்று ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால், நாளைக்குச் சர்க்கரை வந்து நிற்கும்போது யார் பொறுப்பு? 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நம் உடல்வாகுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்று கணக்கு, வெள்ளைக்காரர்களுக்குத்தான் 25. எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேருக்கும் நாற்பதுக்குள் வந்துவிட்டது. எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிம்காரர் படத்தைப் போட்டது தப்பு, அது வேறு.

விசில் டீச்சர் (செவ்வாய், மாலை 6.30)

ராஜா தம்பி, சர்க்கரையைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் தராசை விடுங்கள், அசைவைப் பிடியுங்கள் என்கிறேன். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலின் தயவில்லாமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். எடை ஒரு கிராம் குறையாவிட்டாலும் இது நடக்கும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களுக்கும் இதே கதைதான், எடை இறங்காவிட்டாலும் பயிற்சியால் பலன் உண்டு என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. எடையை மட்டும் இலக்காக வைத்தால் முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கும், அப்புறம் அசையாது. அசையாத அன்றைக்குப் பெண் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவாள்.

பிஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்த அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்துப் புள்ளியியல்காரர், மருத்துவர் அல்ல. ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரி எப்படி என்று பார்க்கத்தான் போட்டார். தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்கச் சொல்வார்கள், அது கொஞ்சம் உருப்படியான அளவு. ஆனால் அதை டாக்டர் அறையில் அளக்கட்டும். வீட்டுக் கூடத்தில், பாட்டி பார்க்க, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டாம்.

இனி நான் பிழைக்கும் தொழிலில் பார்த்தது. எட்டாம் வகுப்பு வரை மைதானத்துக்கு முதல் ஆளாக ஓடிவரும் பெண்கள் ஒன்பதில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊக்கம் இல்லை, சோம்பேறித்தனம் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். ஓடினால் மார்பு வலிக்கிறது, சரியான உள்ளாடை கிடையாது. ஸ்போர்ட்ஸ் பிரா என்று ஒன்று இருப்பதே பல அம்மாக்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் "அதெல்லாம் எதற்கு" என்பார்கள். மாதவிடாய் நாளில் கறை பட்டுவிடுமோ என்ற பயம், கழிப்பறையோ அந்தக் கோடியில். மதிலுக்கு வெளியே நின்று விசிலடிக்கும் கூட்டம் வேறு. ஒரு பெண்ணுக்கு நல்ல உள்ளாடையும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக்கொடுத்து, கூட ஓட இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டால் பாதிப் பேர் தானாகத் திரும்பி வருவார்கள். உபதேசத்துக்கு வந்தவர்களை நான் பார்த்ததில்லை.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் சொல்கிறது, வேக நடை போதும். அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் தினம் சராசரியாக ஒரு மணி நேரம். தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்தது, 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்த ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

கருப்பூர் ஹாஸ்டல் (செவ்வாய், இரவு 8.50)

உளவியல் படிக்கிறேன், எங்கள் பாடத்திலிருந்து இரண்டு விஷயம்.

எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார். பாதிப் பேருக்கு விடை கண்டுபிடித்தால் காசு, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் காசை நிறுத்திவிட்டு, ஓய்வு நேரத்தில் யார் அந்தப் புதிரைக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனித்தார். காசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறைந்திருந்தது. "அஞ்சு கிலோ குறை, ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டி வந்த மறுநாள் நடை நின்றுவிடும். தானாகத் தேர்ந்தெடுத்தது, நேற்றைவிட இன்று கொஞ்சம் நன்றாக வருகிறது என்ற உணர்வு, கூட ஆள். டெசியும் ரிச்சர்ட் ரையனும் பிற்பாடு இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒரு கோட்பாடே எழுப்பினார்கள். சித்தி சொன்ன ஜிம்மில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று ஃபிஜி தீவு. அங்கே நல்ல சதைப்பிடிப்பான உடம்புக்குத்தான் ஊரில் மதிப்பு. ஒரு மாகாணத்துக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. மூன்று வருடம் கழித்து ஆன் பெக்கர் குழு போய்ப் பார்த்தபோது, பள்ளிப் பெண்களில் 11.3 சதவீதம் பேர் எடை குறைக்கத் தாங்களே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1995-ல் அப்படி ஒருவர்கூட இல்லை. அது வெறும் டிவி. இப்போது கையில் இருப்பது போன்.

தட்டுவடை செட் (செவ்வாய், இரவு 11.20)

சித்தி, உங்கள் அக்கா மகளைவிட எனக்கு இரண்டு வயதுதான் அதிகம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் உடம்பைத்தான் பார்ப்பார்கள். "என்ன கண்ணு, வீட்டுச் சோறு பூரா உனக்கேவா?" இது எனக்கு. பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் என் தோழிக்கு, "ஊதினால் பறந்துடுவ போல, இப்படி இருந்தா யார் கட்டுவா?" கறுப்பாக இருப்பவளுக்கு இன்னொரு வசனம் தயாராக இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்பார்கள். கேட்கிறவளுக்கு எண்ணம் தெரியாது, வார்த்தைதான் தெரியும். அதனால் வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது இந்த விமர்சனத்தை. புகழ்ச்சியும் சேர்த்துத்தான். "அட, இளைச்சுட்டியே, சூப்பர்" என்று ஒருமுறை சொன்னால், காய்ச்சலில் இளைத்ததைக்கூடத் தக்கவைத்துக்கொள்ளத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

இன்ஸ்டாவைப் பற்றி: இளம்பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பு பற்றிய எண்ணம் இன்ஸ்டாவால் மோசமாகிறது என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் எழுதி வைத்திருந்தது 2021-ல் வெளியே வந்துவிட்டது. நான் போனைத் தூக்கி எறியவில்லை. வயிற்றைக் காட்டும் ரீல் வந்தால் "ஆர்வமில்லை" என்று அழுத்தினேன், பளு தூக்கும் பெண்கள், மலை ஏறும் பெண்கள், கபடி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அதுவே மாறிவிட்டது.

ஆபீசில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை மாற்ற எப்போதும் ஒரு பையன் வரும்வரை காத்திருப்போம். ஒரு நாள் நானே தூக்கிக் கவிழ்த்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் எந்தத் தராசும் தந்ததில்லை. இப்போது ஸ்குவாட்டில் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது) எத்தனை கிலோ வைக்கிறேன் என்பதைத்தான் எழுதி வைக்கிறேன், நான் எத்தனை கிலோ என்பதை அல்ல. (உடனே யாரும் கேட்காதீர்கள், நம் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டை விடவில்லை. மாங்காய் செட்டும் உண்டு.)

ஏற்காட்டுக்காரி (புதன், காலை 6.10)

மலையிலிருந்து ஒரு வார்த்தை. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். கீழே இருந்து வருபவர்கள் "இவங்களுக்கெல்லாம் எக்சர்சைஸே தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பெண்களுக்குத்தான் இடுப்பு வலியும் ரத்தசோகையும். கூலிக்கு உழைக்கும்போது, வலிக்கிறது என்று பாதியில் உட்கார முடியாது. உடற்பயிற்சி என்பது நிறுத்த நினைத்தால் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஒன்று. வேலை முடிந்து எங்கள் லைன் வீடுகள் பக்கம் சிறு பெண்கள் வாலிபால் ஆடுவார்கள், கல் தடுக்கும், வலை கிழிந்திருக்கும். அந்த அரை மணி நேரம் அவர்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை மேலே கூட்டி வாருங்கள். லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். முதல் பஸ்ஸில் வந்தால் ஏரியைச் சுற்றிவிட்டு, சேர்வராயன் கோயில் வரை நடக்கலாம். கோயில் 5,300 அடிக்கு மேலே, காற்று முகத்தில் அறையும். ஒரே ஒரு வேண்டுகோள், விடுமுறை நாளில் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் மட்டும் நடக்காதீர்கள். வண்டிகள் வரும் வேகம் பயங்கரம்.

கட்டுப்பாட்டாளர் (புதன், காலை 10.00)

எடை குறைக்கும் பொடி விற்கும் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவது வந்தால் கணக்கே முடக்கப்படும்.

செவ்வாய்பேட்டை ராஜா (புதன், மதியம் 1.45)

சரி, தராசை விடுகிறேன். பதிலுக்கு நம் ஊர் மாரியப்பனைக் காட்டுங்களேன். பெரியவடகம்பட்டியிலிருந்து போய் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய கால். அதைவிட என்ன ஊக்கம் வேண்டும்?

தட்டுவடை செட் (புதன், மதியம் 2.10)

மாரியப்பன் அண்ணன் நம் பெருமை, மறுக்கவில்லை. பெண்களையும் கொஞ்சம் சொல்லலாம் இல்லையா? பக்கத்து ஓசூர் நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான பாட்மிண்டன் பிரிவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம். அதே பாரிஸில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கு வெண்கலம். மதுரை ரேவதி வீரமணி ஷூ இல்லாமல் ஓடிப் பழகி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர். இவர்கள் உடம்பை யாரும் பிஃபோர், ஆஃப்டர் என்று பிரிக்கவில்லை.

பழைய ரைடர் (புதன், இரவு 9.15)

விளையாட்டில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறீர்கள். நான் கபடி ஆடினவள். எடைப் பிரிவு என்று ஒன்று உண்டு. எடை போடும் நாளுக்கு முன்னால் சோறு கிடையாது, தண்ணீரும் பாதிதான், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவோம். எங்கள் அணியில் ஒருத்திக்கு நாலைந்து மாதம் தூரம் (மாதவிடாய்) வரவில்லை. "நல்லதுதான், தொல்லை விட்டது" என்றார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிற்பாடு அவளுக்குக் கால் எலும்பில் கீறல். அதனால் ஆசானோ கோச்சோ, எப்படிப்பட்டவர் என்று பார்த்துச் சேருங்கள்.

சூரமங்கலம் நர்ஸ் (புதன், இரவு 10.30)

ரைடர் சொன்னதுதான் நான் தனியாக எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம். செய்யும் வேலைக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் கைவைப்பது மாதவிடாயில், அடுத்து எலும்பில். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதை எச்சரித்து அறிக்கை விட்டிருக்கிறது. எலும்பு பலம் சேர்ப்பது ஏறக்குறைய முப்பது வயது வரைதான், அதுவரை சேர்த்ததை வைத்துத்தான் மீதிக் காலம். மூன்று மாதம் தூரம் நின்றால் (கர்ப்பம் இல்லை என்றால்) கட்டாயம் டாக்டர்.

சித்தி, நீங்கள் கவனிக்க வேண்டியவை: தனியாக மட்டும் சாப்பிடுகிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாளா, தினம் பலமுறை எடை பார்க்கிறாளா, ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டதற்குத் தண்டனையாக மொட்டைமாடியில் நடக்கிறாளா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா. இதில் ஒன்றிரண்டு இருந்தாலே "சாப்பிடு சாப்பிடு" என்று திட்டுவதை விட்டுவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அம்மாபேட்டை சித்தி (அடுத்த வாரம், ஞாயிறு, மாலை 5.20)

எல்லோருக்கும் நன்றி. ஹீமோகுளோபின் 8.7. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், கீரையும் முட்டையும் சேர்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் சொன்ன அறிகுறிகளில் எடை பார்ப்பது மட்டும் இருந்தது. தராசை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இரவில் இரண்டு தோசை சாப்பிடுகிறாள், நானும் கூட உட்கார்கிறேன், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. 14416-க்கும் ஒருமுறை பேசினோம்.

எந்தப் பயிற்சி பிடிக்கும் என்று கேட்டதற்கு ஜிம்மும் வேண்டாம், வாக்கிங்கும் வேண்டாம், சிலம்பம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள்! தோழியின் தங்கை போகிறாளாம், சொல்லிக்கொடுப்பவரும் ஒரு பெண்தான். அக்கா "கம்பு பிடித்தால் கை முரடாகிவிடும்" என்று நிற்கிறாள்.

விசில் டீச்சர் (ஞாயிறு, மாலை 6.00)

முரடாகட்டும் என்று சொல்லுங்கள்! 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். அதற்கும் அக்கா மசியவில்லை என்றால் ஒரு மாலை வகுப்புக்கு அவரையே கூட்டிப்போய் உட்காரவையுங்கள்.

சூரமங்கலம் நர்ஸ் (ஞாயிறு, மாலை 6.40)

8.7 என்றால் நடுத்தர அளவு ரத்தசோகை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்கட்டும், தலைசுற்றினால் உட்காரட்டும். சொல்லிக்கொடுப்பவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செவ்வாய்பேட்டை ராஜா (ஞாயிறு, இரவு 8.05)

என் தங்கையிடம் எடையைப் பற்றிப் பேசாமல் "காந்தி ஸ்டேடியத்துக்கு நடக்கப் போகிறேன், வருகிறாயா" என்று கேட்டுப் பார்த்தேன். ஏன் திடீரென்று என்று சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் வந்தாள். என்னைவிட வேகமாக நடக்கிறாள். சர்க்கரை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கருங்கல்பட்டி அப்பா (ஞாயிறு, இரவு 9.30)

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் சிலம்பம் என்கிறாள். கம்பு எங்கே வாங்குவது? எவ்வளவு நீளம்? என்ன உடை?

பழைய ரைடர் (ஞாயிறு, இரவு 9.55)

கம்பை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள் அண்ணா. தொடக்கத்தில் வெறுங்கையோடு காலடிதான் பழக்குவார்கள். பொதுவாக நெற்றி உயரத்துக்குக் கம்பு இருக்கும், வளர்கிற பிள்ளை என்பதால் அடுத்த வருடம் மாற்ற வேண்டி வரும், ஆசானே அளவு பார்த்துச் சொல்வார். டி-ஷர்ட், டிராக் பேண்ட் போதும். வளையலையும் கொலுசையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள், துப்பட்டா வேண்டாம், கம்பில் சுற்றிக்கொள்ளும்.